பணி ஓய்வுக்குப் பிறகு திருவாசகம்: முதல் பதிகத்திலிருந்து முற்றோதல் வரை

வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து வீட்டில் திடீரென்று அமைதி கூடிப்போனவர்கள், துணையை இழந்தவர்கள் என்று பலரும் "இனிமேலாவது திருவாசகம் படிக்கணும்" என்று சொல்லிக்கொண்டு எங்கள் குழுவுக்கு வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவே கிடையாது. ஆனாலும் கணிசமானவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். கேட்டால் வயதாகிவிட்டது, மனதில் நிற்கவில்லை என்பார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவரையில், பெரும்பாலும் அவர்கள் தொடங்கிய வரிசைதான் தப்பு.

கேட்பது, வாசிப்பது, பொருள் தெரிந்துகொள்வது, மற்றவர்களோடு சேர்ந்து பாடுவது, அப்புறம் ஒரு பொறுப்பை ஏற்பது. இந்த வரிசையில் போனவர்கள் எழுபது வயதிலும் புதிதாக ஏதாவது கற்றுக்கொண்டே இருக்கிறார்கள். கடைசிப் படிதான் ஆளைத் தாங்கிப் பிடிக்கிறது. தனக்காக நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர் காலையில் எழுந்து குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆனால் அந்தப் படியில் நேராகக் கால் வைத்தால் வழுக்கும்.

இனி ஒவ்வொன்றாக.

1. தொடங்கும் முன்: கண், காது, உட்காரும் இடம்

முதலில் கண் பரிசோதனை. சிரிக்காதீர்கள். ஒரு பாட்டின் நடுவில் நான்காவது சீரைத் தவறாக வாசித்துக்கொண்டே இருக்கிற பலருக்கு மறதி இல்லை, கண்புரைதான் இருக்கிறது. பழைய கண்ணாடியை வைத்துக்கொண்டு பொடி எழுத்தோடு மல்லுக்கட்டினால் பத்து நிமிடத்தில் தலைவலி வரும். அதைப் பக்திக் குறைவு என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

காது மந்தமாக இருந்தால் அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். குழுவில் பாடும்போது பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்டால்தான் நாம் முந்தாமலும் பிந்தாமலும் பாட முடியும். காது கேட்காதவர் தன்னை அறியாமல் சத்தத்தைக் கூட்டுவார், மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், அவர் அடுத்த வாரம் வரமாட்டார். இது பல குழுக்களில் நடக்கிறது.

உட்காரும் இடம் மூன்றாவது. மூட்டு வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காருங்கள். தரையில் சம்மணம் போட்டால்தான் பாராயணம் ஆகும் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நாற்காலியிலேயே உட்காருங்கள். முதுகு நேராக இருந்தால் மூச்சு தாக்குப்பிடிக்கும். அதுதான் வேண்டும். புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், குரலும் நசுங்கும். ஒரு புத்தகத் தாங்கியோ, தலையணை மேல் பலகையோ போதும்.

2. புத்தகம்: ஒன்றே ஒன்று, பதம் பிரித்தது

தொடக்கத்திலேயே நாலைந்து உரைநூல்கள் வாங்கி அடுக்குவது புதிதாக வருகிறவர்களின் வழக்கம். வேண்டாம். பெரிய எழுத்தில், சீர் பிரித்து, சொற்களைப் பிரித்து அச்சிட்ட ஒரு மூலநூல் போதும்.

பதம் பிரித்திருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அச்சப்பத்தின் ஒவ்வொரு பாட்டும் "அம்மநாம் அஞ்சுமாறே" என்று முடியும். பிரிக்காத பதிப்பில் இதைப் பார்த்தவர்கள் "அம்மனாம்" என்று ஒரே மூச்சில் வாசித்துவிடுகிறார்கள். அம்ம, நாம், அஞ்சுமாறே என்று மூன்றாகப் பிரித்த பிறகுதான் அங்கே யார் எதற்கு அஞ்சுகிறார் என்ற கேள்வியே எழும். தவறான பிரிப்பு வாயில் ஏறிவிட்டால் வயதான காலத்தில் இறக்குவது கஷ்டம்.

குழுவில் சேரப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் வைத்திருக்கும் அதே பதிப்பை வாங்குங்கள். "பக்கம் நூற்று நாற்பது" என்று ஒருவர் சொல்லும்போது எல்லோரும் ஒரே பக்கத்தைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் பாட்டைத் தேடுவதற்குள் பதிகம் முடிந்துவிடும்.

கைப்பேசியில் படிக்கலாமா? மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. ஆனால் நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு. வீட்டில் தேடிப் பார்க்கக் கைப்பேசி, தினப் பாராயணத்துக்கு அச்சுப் புத்தகம் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

கூடவே ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் வாங்குங்கள். எதற்கு என்று பின்னால் வரும்.

3. முதல் சில வாரம் காதால் மட்டும்

புத்தகம் வந்ததும் உரக்க வாசிக்கத் தோன்றும். பொறுங்கள். ஓதுவார் ஒருவர் நிதானமாகப் பாடிய ஒலிப்பதிவைத் தேடி, ஒரே பதிகத்தைத் தினமும் கேளுங்கள். திருவாசகத்தை மோகன ராகத்தில் ஓதுவது மரபு. அந்த மெட்டு ஒருமுறை காதில் உட்கார்ந்துவிட்டால் எந்தப் பதிகத்தை எடுத்தாலும் ஏறக்குறைய பாட வந்துவிடும். சங்கீத ஞானம் தேவையில்லை.

இசைக்கருவிகள் நிறைந்த, சினிமாப் பாட்டுப் போல அமைத்த பதிவுகள் கேட்க இனிமையாக இருக்கும். கற்றுக்கொள்ள உதவாது. எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சீரில் நிறுத்துகிறார் என்று அதில் தெரியாது.

கேட்கும்போது விரலால் வரியைப் பின்தொடருங்கள். காதும் கண்ணும் சேர்ந்து போகிறபோது, பிழையாக வாசித்துப் பழகுவதற்கு இடமே இருக்காது. குளிர்ந்த தொண்டையோடு விடிகாலையில் கத்திப் பாடி, ஒரு வாரத்தில் குரல் கட்டிக்கொண்டு நிறுத்தியவர்களை நிறையப் பார்த்தாயிற்று. அதனாலும் இந்தப் பொறுமை வேண்டும்.

4. புத்தக வரிசைப்படி போகாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

திருவாசகத்தில் 51 பகுதிகள். முதலில் சிவபுராணம், 95 அடி. அதை எப்படியோ முடித்துவிடுவார்கள்; பலருக்கு ஏற்கெனவே பாதி மனப்பாடம். அடுத்து கீர்த்தித் திருவகவல் 146 அடி, திருவண்டப்பகுதி 182 அடி, போற்றித் திருவகவல் 225 அடி. மூன்றும் நிறுத்தமில்லாமல் ஓடும் அகவல்கள், கடினமான சொற்கள். அண்டப்பகுதிக்குள் நுழைந்த புதியவர் அங்கேயே தொலைந்துபோகிறார். "எனக்கு இது ஏறாது" என்று புத்தகத்தைப் பூஜை அறையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுவிடுகிறார். அதோடு சரி.

அதனால் சின்னதில் இருந்து, திரும்பத் திரும்ப வரும் ஈற்றடி உள்ளதில் இருந்து தொடங்குங்கள். வயதானவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது.

முதலில் திருப்பள்ளியெழுச்சி. பத்துப் பாட்டு. "பள்ளி எழுந்தருளாயே" என்ற முடிப்பு மார்கழி மாதத்தில் கோயிலில் கேட்டுக் கேட்டுப் பழகியதாக இருக்கும். தெரிந்த இடத்தில் தொடங்கினால் தைரியம் வரும்.

அடுத்து திருப்பொன்னூசல். ஒன்பதே பாட்டு, ஊஞ்சல் பாட்டு ஆகையால் தாளம் தானாக வரும். பிறகு திருவுந்தியார், ஒவ்வொன்றும் மூன்றே வரி, மூச்சு வாங்காது. இருபது பாட்டு என்று பயப்பட வேண்டாம்.

மூன்றாவதாக அச்சப்பத்து, குழைத்தபத்து, பிடித்தபத்து. இந்த மூன்றையும் இங்கே வைப்பதற்குக் காரணம் பொருள்தான், ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.

கணவன் மனைவி இருவருமாகக் கற்பதென்றால் நடுவில் திருச்சாழலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் முதல் இரண்டடி ஒருத்தி கேட்கும் கேள்வி, அடுத்த இரண்டடி மற்றவள் சொல்லும் பதில். ஒருவர் கேட்டு ஒருவர் பதில் சொன்னால் பாடுகிற சுகமே வேறு. வீட்டில் பல வருஷமாக மின்சாரக் கட்டணம் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த தம்பதிகள்கூட இதில் குஷியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் அப்புறம் திருவெம்பாவை இருபது. அதற்குப் பிறகு சிவபுராணத்தை முறையாக. வாழ்க என்று முடியும் முதல் ஐந்து அடி, வெல்க என்று முடியும் அடுத்த ஐந்து, பின்னே போற்றி என்று வரும் ஆறு. இந்த 16 அடியையும் தனித்தனிக் கொத்தாகப் பிடித்துக்கொண்டால் வரிசை மாறாது. முழுசாக மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இந்த வாழ்க, வெல்க எல்லைதான்.

நூறு பாட்டுள்ள திருச்சதகமும், ஐம்பது பாட்டுள்ள நீத்தல் விண்ணப்பமும் பார்க்க மலைப்பாக இருக்கும். ஆனால் இரண்டும் அந்தாதி. ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்தது தொடங்கும். ஞாபகசக்தி குறைந்தவர்களுக்கு இது பெரிய உதவி. முந்தைய பாட்டே அடுத்ததை எடுத்துக் கொடுத்துவிடும். இடையில் இருந்து தொடங்காமல் இருந்தால் போதும்.

மூன்று அகவல்களைத் தனியாகத் தொடவே வேண்டாம். குழுவோடு பாடும்போது தானாக வந்து சேரும்.

5. தினமும் எவ்வளவு, எப்படி

இருபது நிமிடம். அதற்கு மேல் உட்கார ஆசை வந்தாலும் முதல் மாதத்தில் நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் இரண்டு மணி நேரம், மறுநாள் முதுகுவலி, அடுத்த நாள் விடுமுறை என்று போனால் பழக்கம் ஏறாது.

முறை இப்படி. நேற்றுப் படித்த பாட்டைப் புத்தகம் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். தட்டினால் பார்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. பிறகு புதிதாக ஒரே ஒரு பாட்டு. அதை மூன்று முறை வாசித்துவிட்டு நோட்டில் கையால் எழுதுங்கள். எழுதும்போதுதான் இத்தனை நாள் எந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டிருந்தோம் என்று தெரியும். கடைசியாக அந்தப் பதிகத்தை ஆரம்பத்தில் இருந்து ஒருமுறை பாடி முடியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் "திருச்சிற்றம்பலம்" சொல்லும் வழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் குழுவுக்குப் போனாலும் அது உண்டு.

நேரத்தை மாற்றாதீர்கள். பேரன் பள்ளிக்குப் போனதும் என்று வைத்துக்கொண்டால் பள்ளி விடுமுறையில் நின்றுவிடும். காலை மாத்திரையோடோ, மாலை விளக்கு ஏற்றுவதோடோ சேர்த்துக் கட்டிவிடுங்கள். அவை எப்படியும் நடக்கும்.

எல்லோரும் செய்யும் தப்பு எண்ணிக்கை. "ஒரு மண்டலத்தில் முழுத் திருவாசகம்" என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். ஓட்டத்தில் ஈற்றடி மட்டும்தான் காதில் விழும். இன்னொன்று, இதைப் பரிகாரமாக எடுத்துக்கொள்வது. மகனுக்கு வேலை கிடைக்க நாற்பத்தெட்டு நாள் என்று தொடங்கியவர், வேலை கிடைத்தாலும் நிறுத்துவார், கிடைக்காவிட்டாலும் நிறுத்துவார். வேண்டுதல் இருக்கட்டும், தப்பில்லை. அதைத் தினசரிப் பாடத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்.

6. பொருள்: உரையைப் படிக்கும் முன் உங்கள் நோட்டு

சிவபுராணத்தின் கடைசி அடிகளே பாட்டின் "பொருளுணர்ந்து சொல்லுவார்" என்றுதான் பேசுகின்றன. ஆகவே பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சப்தமே பலன் தரும் என்று விட்டுவிட முடியாது. அதற்காக முதல் நாளே சித்தாந்த விளக்கத்தில் இறங்கவும் வேண்டாம்.

ஒரு பதிகத்துக்கு ஒரு கேள்வி. நோட்டின் வலது பக்கத்தில் எழுதுங்கள். அச்சப்பத்தை எடுத்துக்கொள்வோம். புற்றில் இருக்கும் பாம்புக்கு அஞ்சேன் என்று தொடங்கி, உலகம் நடுங்குகிற ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, தான் உண்மையில் அஞ்சுவது யாரைக் கண்டால் என்று ஒவ்வொரு பாட்டின் பின்பாதியில் சொல்கிறார் மாணிக்கவாசகர். இதைப் பாடிவிட்டு நம் பயங்களை எழுதிப் பார்க்கலாம். விழுந்து இடுப்பு எலும்பு முறியுமோ என்ற பயம். யாருக்கும் பாரமாகிவிடுவோமோ என்ற பயம். இரவில் தனியாக மூச்சு முட்டுமோ என்ற பயம். பிள்ளைகள் சொத்துக்காகச் சண்டை போடுவார்களோ என்ற பயம். எழுதி வைத்தபின் இரண்டாகப் பிரியுங்கள். குளியலறையில் கைப்பிடி மாட்டினால் தீரும் பயம் ஒருவகை. அதை இந்த வாரமே மாட்டிவிடுங்கள். உயில் எழுதினால் தீருவது அதே வகை. எதைச் செய்தாலும் தீராத பயம் மற்றொரு வகை. பாடும்போது அந்த இரண்டாவது வகையை மனதில் வைத்துக்கொண்டு பாடுங்கள். பாட்டு அங்கேதான் வேலை செய்யும்.

குழைத்தபத்தில் "வேண்டத் தக்கது அறிவோய்நீ" என்று தொடங்கும் பாட்டுக்கு, நான் இப்போது என்னென்ன வேண்டுகிறேன், அதில் எதை விட்டுவிடலாம் என்று எழுதலாம். பிடித்தபத்தில் தாயினும் பரிவு காட்டுபவன் என்று வரும் பாட்டுக்கு, அம்மாவின் ஞாபகம் வராதவர்கள் குறைவு. எழுதவே வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதும்.

இப்படி நீங்களே எழுதிய பிறகு உரையைத் திறங்கள். உங்கள் எண்ணமும் உரையாசிரியர் சொல்வதும் மோதும் இடத்தில்தான் புதிதாகக் கற்றுக்கொள்வீர்கள். நேராக உரைக்குப் போனவர்கள் அதை அப்படியே ஒப்பிப்பார்கள், சொந்தமாக ஒரு வரி சொல்லத் தெரியாது.

நோட்டை யாரிடமும் காட்டத் தேவையில்லை. புலனக் குழுவில் படம் எடுத்துப் போடவும் வேண்டாம்.

7. குழுவைத் தேடுவது

நான்கைந்து பதிகம் கைவந்ததும் வெளியே வாருங்கள். அதற்கு முன்னால் போனால் மற்றவர்கள் வேகத்தைப் பார்த்து மிரண்டுவிடுவீர்கள். ரொம்பவும் தள்ளிப்போட்டால் தனியாகப் பாடிப் பழகிய சொந்த இழுவை ஒன்று ஒட்டிக்கொண்டு யாரோடும் சேராது.

பெரிய சிவன் கோயில்களில் பிரதோஷ நாளில் மாலையில் போய் நின்றாலே திருமுறை பாடும் கூட்டம் கண்ணில் படும். ஓதுவார் இருக்கும் கோயில் என்றால் அவரிடமே கேளுங்கள், ஊரில் யார் யார் முற்றோதல் (முழுத் திருவாசகத்தையும் பாடுவது) நடத்துகிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

எந்தக் குழு சரி என்று பார்க்க மூன்று விஷயம். பிழையாகப் பாடியவரைக் கூட்டத்தின் நடுவில் திருத்துகிறார்களா, முடிந்தபின் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார்களா? வசூல் கணக்கு வெளிப்படையாக இருக்கிறதா? புதியவர்களைப் பின்வரிசையிலேயே வைத்திருக்கிறார்களா, பாட விடுகிறார்களா? முதல் இரண்டும் சரியில்லாத இடத்தில் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் தங்காதீர்கள். இந்த வயதில் மன உளைச்சலுக்குப் பணம் கொடுத்துச் சேர வேண்டியதில்லை.

நீங்கள் போன பிறகு செய்யக்கூடாதது ஒன்று உண்டு. உத்தியோகத்தில் பெரிய பதவியில் இருந்தவர்கள் முதல் மாதத்திலேயே குழுவைச் சீர்திருத்தக் கிளம்பிவிடுவார்கள். வருகைப் பதிவேடு, நிகழ்ச்சி நிரல், பொருளாளர். கொஞ்சம் பொறுங்கள் ஐயா. செருப்பை வரிசையாக வையுங்கள், புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள், சுண்டல் தட்டைக் கழுவுங்கள். அந்தக் குழு எப்படி நடக்கிறது என்பது அங்கிருந்துதான் தெரியும்.

8. முதல் முற்றோதல் நாள்

51 பகுதிகளையும் ஒரே நாளில் பாடி முடிப்பதுதான் முற்றோதல். காலை ஏழு மணி வாக்கில் தொடங்கினால், பாடும் வேகத்தைப் பொறுத்து மாலை நான்கு ஐந்து ஆகிவிடும். சிவபுராணத்தில் தொடங்கி அச்சோப்பதிகத்தில் முடிப்பார்கள்.

முதல் தடவை முழுதும் பாட வேண்டும் என்று போகாதீர்கள். தெரிந்த பதிகங்களில் குரல் கொடுங்கள், மற்றவற்றில் விரலால் வரியைப் பின்தொடருங்கள். மதியம் வரை மட்டும் இருந்துவிட்டு வருவதும் சரிதான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் உபவாசத்தோடு போகக் கூடாது. மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு வயிற்றைக் காயவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். விரதம் இருந்தே தீர வேண்டும் என்றால் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். பையில் பிஸ்கட்டும் இரண்டு மிட்டாயும் இருக்கட்டும். மறுபக்கம், பிரசாதத்தை மறுக்கக் கூடாது என்று தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கலை முடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு மீதியைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தால் சிவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெண்கள் பலர் கழிப்பறை வசதி இருக்குமோ என்னவோ என்று காலையில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். மதியத்துக்குள் தலை சுற்றும். இடம் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று முன்பே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பிராகாரத்தில் ஒரு சுற்று நடங்கள். காலைத் தொங்கப்போட்டோ மடக்கியோ நாள் முழுக்க உட்கார்ந்தால் பாதம் வீங்கும்.

ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். காதுக் கருவி போட்டவர்களுக்கு அது பெரிய தொந்தரவு.

9. உங்களுக்கென்று ஒரு பதிகம்

இதுதான் திருப்பம். இரண்டு மூன்று முற்றோதலுக்குப் போய் வந்தபின் குழுவை நடத்துபவரிடம் சொல்லுங்கள்: "குயில்பத்தை நான் எடுத்துக் கொடுக்கட்டுமா?" எடுத்துக் கொடுப்பது என்றால் முதல் அடியை நீங்கள் பாட, மற்றவர்கள் தொடர்வது. குயில்பத்தோ அன்னைப்பத்தோ, பத்தே பாட்டுள்ள ஒன்றாக இருக்கட்டும்.

அன்று முதல் அந்தப் பதிகத்துக்கு நீங்கள் பொறுப்பு. வராவிட்டால் "குயில்பத்து அம்மா ஏன் வரலை" என்று தொலைபேசி வரும். கேட்க வந்தவராக இருந்தவரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். வீட்டிலும் மாற்றம் தெரியும். "அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை முற்றோதல் இருக்கு" என்று மருமகள் மற்ற வேலைகளை மாற்றி வைப்பாள்.

கோயிலில் பூஜை முடிவில் பஞ்சபுராணம் என்று ஐந்து திருமுறைப் பாட்டுகளைப் பாடும்போது தேவாரத்துக்கு அடுத்து ஒரு திருவாசகப் பாட்டு வரும். ஓதுவார் இல்லாத சின்னக் கோயில்களில் அதைப் பாட ஆள் தேடுவார்கள். ஒரு பாட்டு, இரண்டு நிமிடம். குரலைக் கூட்டத்தில் எழுப்பிப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. கை நடுங்கினால் பரவாயில்லை, பாட்டை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி எடுத்துப் போங்கள்.

சொந்தமாக முற்றோதல் ஏற்பாடு செய்யும் ஆசை இதற்கெல்லாம் பிறகுதான் வரட்டும். ஆனி மாதம் மகம் மாணிக்கவாசகர் குருபூஜை. பலரும் அந்த நாளை ஒட்டி வைப்பார்கள். அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலருக்கு முன்கூட்டியே எழுத்தில் மனு கொடுத்து மண்டபம், ஒலிபெருக்கி, சமையல் மூன்றுக்கும் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பினால் அன்று காலை மண்டபத்தில் வேறு யாருடைய நிச்சயதார்த்தமாவது நடந்துகொண்டிருக்கும்.

10. துக்க வீட்டிலும் நோயாளி பக்கத்திலும்

வயதானவர்கள்தான் இதைச் சரியாகச் செய்வார்கள் என்று நினைக்கிறேன். இளையவர்களுக்குத் துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாது. எழுபது வயதுக்காரர் போய் உட்கார்ந்து சிவபுராணத்தைத் தொடங்கினால் கூட்டத்தின் சலசலப்பு அடங்கும்.

யாழ்ப்பாணத்துச் சைவர்களின் ஈமச் சடங்கில் உரலில் சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். இருபது பாட்டும் முழுதாகத் தெரிந்தவர் ஊரில் ஒருவர் இருந்தால் எந்த வீட்டு மரணத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இலங்கைத் தமிழர் வாழும் இடங்களில் இருப்பவர்கள் இந்தப் பதிகத்தை முன்னதாகவே கற்றுவைப்பது நல்லது. தமிழ்நாட்டில் சிவபுராணமும், "போவோம் காலம் வந்ததுகாண்" என்று வரும் யாத்திரைப்பத்தும் பொருத்தமாக இருக்கும். ஆனால் வீட்டுக்காரரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு வேறு வழக்கம் இருக்கலாம்.

நோயாளியிடம் போனால் ஒரு பதிகத்துக்கு மேல் வேண்டாம். மெதுவான குரல், சின்னப் பாட்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டால் முடித்துவிட்டு எழுந்து வாருங்கள். யாத்திரைப்பத்தை அங்கே பாடக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். பாடியிருக்கிறார்கள்.

11. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது

பேரன் பேத்தியை மடக்கி உட்காரவைத்து சிவபுராணம் ஒப்பிக்கச் சொன்னால் அவர்கள் உங்கள் அறைப் பக்கமே வரமாட்டார்கள். திருவுந்தியாரில் தொடங்குங்கள். மூன்று வரி, "உந்தீபற" என்று துள்ளும் முடிப்பு, முப்புரம் எரிந்த கதை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒரு நாளுக்கு ஒன்று, விளையாட்டாக.

அடுத்தவர் பிள்ளைகளுக்கு என்றால் கோயிலிலோ வாசல் திண்ணையிலோ, பெற்றோர் ஒருவராவது கூட இருக்கும்படி வையுங்கள். காசு வாங்காதீர்கள். அரைமணி நேரத்தில் முடித்துவிடுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் "அடுத்த வாரம் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே பார்த்துச் சொல்லுங்கள். "சிவன் ஏன் சாம்பல் பூசிக்கிறார்" என்று ஒரு ஆறு வயதுப் பிள்ளை கேட்ட பிறகுதான் பல தாத்தாக்கள் திருச்சாழலை ஒழுங்காகத் திருப்பிப் பார்க்கிறார்கள். அதே கேள்விதான் அங்கே முதல் பாட்டு.

12. நின்றுபோனால்

அறுவை சிகிச்சை, மகள் வீட்டுக்கு வெளிநாடு, துணையின் மறைவு. ஏதாவது ஒன்று வந்து பழக்கத்தை அறுக்கும். திரும்ப வரும்போது விட்ட இடத்தில் தொடங்காதீர்கள். அந்த இடம் இப்போது மனதில் இருக்காது, ஏமாற்றமாக இருக்கும். முதலில் கற்ற திருப்பள்ளியெழுச்சிக்குப் போங்கள். அது கிடைத்துவிடும், மற்றவை மெல்லப் பின்னால் வரும்.

துக்கத்தில் இருப்பவர்களுக்குச் சில மாதம் பாடவே வாய் வராது. செத்திலாப்பத்தைத் திறந்தால், இன்னும் சாகாமல் இருக்கிறேனே என்று ஒரு மகான் புலம்பியிருப்பதைப் பார்க்கலாம். வாசித்தால் போதும். ஆனால் மாதக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் சரியில்லாமல், எதிலும் ஒட்டாமல் இருந்தால் பதிகம் மட்டும் போதாது, மருத்துவரைப் பாருங்கள். வயதானவர்களின் மனச்சோர்வை "பக்தியில் மூழ்கிட்டார்" என்று வீட்டார் தவறாக எடுத்துக்கொள்வது உண்டு.

குரல் போய்விட்டால் உங்கள் பதிகத்தைக் குழுவில் இன்னொருவருக்குப் பழக்கிவிடுங்கள். குரல் நன்றாக இருக்கும்போதே அதைத் தொடங்குவது இன்னும் நல்லது. யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று நடத்துபவரிடம் சொல்லிவிடுங்கள், பதிப்பில் நீங்கள் பென்சிலால் போட்ட மூச்சுக் குறிகளை அவர் புத்தகத்திலும் போட்டுக் கொடுங்கள். வீட்டை விட்டு வெளியே போக முடியாத நிலை வந்தால், மாதம் ஒருமுறை உங்கள் வீட்டில் ஒரு பதிகம் பாட வரச் சொல்லிக் கேளுங்கள். நல்ல குழு என்றால் வருவார்கள். காபி, பலகாரம் என்று மருமகளைச் சிரமப்படுத்த வேண்டாம், தண்ணீர் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.